நீலப் புள்ளி

காதுக்குள் டிரம்ஸ்காரர் இன்னும்
மூட்டை கட்டவில்லை.
காலாங் அரங்கத்துப் படிகளில்
ஆயிரக்கணக்கானோர் மெல்ல வழிகிறோம்.
சிவப்பாய் எரியும் கோலை ஆட்டி ஆட்டி
ஒரு சீனத்துப் பையன் எங்களைப் பிரிக்கிறான்:
ரயிலுக்கு இடம், டாக்சிக்கு வலம்.
யாரும் யாரையும் இடிக்கவில்லை.
எனக்கு அதுவே சற்றுப் பயமாக இருந்தது.

குணசீலன் வரவில்லை.
"அந்தச் சத்தத்துக்கு நூத்தெண்பது வெள்ளியா?
ஒரு டிக்கெட் போதும், நீ போய்ட்டு வா."
போகச் சொன்னவர்தான்
என்னை ஒரு நீலப் புள்ளியாக்கி
தன் கைபேசிக்குள் வைத்துக்கொண்டார்.
விளையாட்டுக்கு நானும்
அவர் புள்ளியைக் கேட்டு வாங்கினேன்.
முப்பத்தொரு வருடத்தில்
இவ்வளவு சரியாக அவர் என்னைப்
பின்தொடர்ந்ததே இல்லை.

எழுதிக் கொடுத்த தாள் பைக்குள்:
ஆரஞ்சுக் கோட்டில் ஏறு.
இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கு.
நீலக் கோட்டுக்கு மாறு.
சந்தேகம் வந்தால் அங்கேயே நில்.
யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே
(இதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு).

கடைசிப் பாட்டை முழுசாய்ப் படம்பிடித்ததில்
பத்து ஐம்பத்திரண்டுக்கு
கைபேசி கண்ணை மூடியது.
கூட்டம் குறையட்டும் என்று
தண்ணீர் ஓரம் நின்றிருந்தேன் அப்போது.
பக்கத்தில் சலேஹா,
தோளில் வாய்பிளந்து தூங்கும் பிள்ளையோடு.
எந்தப் பாட்டு பிடித்தது என்றாள்.
பெயர் தெரியாமல் முனகிக் காட்டினேன்.
அவளும் அதையே முனகினாள்.
இரண்டு அடிக்கோடும் அழிந்தன.

ரயிலில், நான்காவதாய் என் மொழி வந்து
இடைவெளியைக் கவனிக்கச் சொன்னது.
கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்
மனசுக்குள்.

பஃபலோ சாலையில்
பூக்கடைகள் சாத்திய கதவுக்கடியில்
ஈர மல்லிகைக் காம்புகள்.
படிகளில் உட்கார்ந்த ஆண்கள்
ஆளுக்கொரு முகத்தை வெளிச்சமாய்க் கையில் ஏந்தி
காய்ச்சல் குறைந்ததா என்கிறார்கள்,
கரண்டு பில் கட்டியாச்சா என்கிறார்கள்.
ஒருவரும் தலை நிமிரவில்லை.
பையை மார்போடு இறுக்கியிருந்த கையை
நானாகத்தான் தளர்த்தினேன்.
வீராசாமி சாலை என்ற பலகையைப் பார்த்ததும்
யாரோ பெரியப்பா வாசலுக்கு
வந்து சேர்ந்த தைரியம்.

நானூற்றேழாம் அறை.
அட்டையைச் செருக விளக்கு எரிந்தது.
அவர் இல்லை.
இரவு மாத்திரை தட்டிலேயே கிடந்தது.

வரவேற்பில் மரிசெல் சொன்னாள்:
"அங்கிள் சாரத்தோட ஓடினார், மேடம்.
வைஃப், வாட்டர், வைஃப், வாட்டர் என்றார்.
இரண்டு பாட்டில் கொடுத்தேன்."

அவளுடைய சார்ஜரில்
கைபேசி மெதுவாய்க் கண் திறந்தது.
தவறிய அழைப்புகள் இருபத்தேழு.
வரைபடத்தில்
என் கடைசிப் புள்ளி
கரையைத் தாண்டி, தண்ணீருக்குள்.
அதற்கு நேர் எதிரே, மண் முடிகிற இடத்தில்
அவர் புள்ளி.
ஒரு பக்கமும் போகாமல்
நடுங்கிக்கொண்டு.
புள்ளிகள் நடுங்கும் என்று
எனக்குத் தெரியாது.

அழைத்தேன். எடுத்தார்.
காற்று மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
பிறகு,
"சாப்பிட்டியா?"
"சாப்பிட்டேன்" என்றேன். பொய்.
"சந்தேகம் வந்தா அங்கேயே நில்லுங்க.
டாக்சி அனுப்புறேன்.
யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க."

வாசலில் நின்று பார்த்தேன்.
நெடுஞ்சாலையைப் பிடித்து
ஒரு கட்டடத்தின் ஊடே நடந்து
குளமில்லாத இடத்தில் குதித்து
வந்துகொண்டிருந்தார் என் நீலப் புள்ளி.

கட்டம்போட்ட சாரம், ஹோட்டல் செருப்பு,
மூடி திறக்காத இரண்டு பாட்டில்.
ஒன்றை என்னிடம் நீட்டினார்.
என் தலைமுடி நனைந்திருக்கிறதா என்று
தொடாமல் பார்த்தார்.
எதையோ கேட்டார்.
டிரம்ஸ்காரர் இன்னும் போகவில்லை.

இந்தக் காது கேட்கலை,
அந்தப் பக்கம் வந்து
இன்னொரு தடவை சொல்லுங்க.